எரியும் மெழுகுவர்த்தி: ஆசிரியருக்குப் புகழா, எச்சரிக்கையா?

 



ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5ஆம் தேதி ஆசிரியர் தினம் வருகிறது. பிள்ளைகள் பேனா வாங்கிக் கொடுக்கிறார்கள், ரோஜாப்பூ கொடுக்கிறார்கள். மேடையில் பேசுபவர்கள் தவறாமல் ஒரு வாசகத்தைச் சொல்கிறார்கள். ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தி; தன்னை எரித்துப் பிறருக்கு வெளிச்சம் தருகிறார். எல்லோரும் கை தட்டுகிறோம். ஆசிரியரும் புன்னகையோடு சால்வையை வாங்கிக்கொள்கிறார். ஆறாம் தேதி காலையில் அவர் மறுபடியும் எரியப் போகிறார்.

இந்த உவமையை நாம் புகழ்ச்சியாகச் சொல்கிறோம். நம் மார்க்கத்தில் இதே உவமை எந்த இடத்தில் வருகிறது என்று யோசித்திருக்கிறோமா? மக்களுக்கு நன்மையைக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தன்னை மறந்துவிடும் அறிஞரை, ஊருக்கு ஒளி கொடுத்துத் தன்னை எரித்துக்கொள்ளும் விளக்குக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டதாக ஜுன்துப் (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி தப்ரானியில் வருகிறது. அங்கே அது பாராட்டு அல்ல. எச்சரிக்கை! ஊருக்குச் சொல்வதைத் தான் செய்யாமல் விட்டவரைப் பற்றிய எச்சரிக்கை என்றுதான் உலமாக்கள் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

இப்போது சிந்தியுங்கள். ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதிக்கிறார், இரக்கத்தைப் போதிக்கிறார், நாவைப் பேணச் சொல்கிறார். ஆனால் அவருக்குத் தூக்கம் இல்லை, ஓய்வு இல்லை, காலை உணவை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு ஓடி வருகிறார். மதியம் இரண்டு மணிக்கு அவரிடம் பொறுமை எங்கே மிச்சம் இருக்கும்? தன்னை மறந்தவர் தான் போதித்ததையும் மறந்துவிடுவார். அந்த விளக்கு தன்னோடு நிற்பதில்லை. அருகில் உட்கார்ந்திருக்கும் குழந்தையையும் சுட்டுவிடுகிறது.

ஆகவே இன்றைய கேள்வி இதுதான். பிறருக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்வது நன்மையான காரியம். அந்தத் தேய்மானத்தால் ஒரு குழந்தை காயப்பட்டால், "நான் களைத்துப் போயிருந்தேன்" என்பது அல்லாஹ்விடம் செல்லுபடியாகும் பதிலா?

ஓர் எழுத்து

இந்தக் கேள்வியைப் பிறரைக் குறை சொல்வதற்காக நான் எழுப்பவில்லை. இது என் கழுத்தில் கிடக்கிற கேள்வி.

இருபது ஆண்டுகளுக்கும் முன்பு, பழனிப் பக்கத்து ஊர் ஒன்றில் இமாமாகவும் மக்தப் உஸ்தாதாகவும் இருந்தேன். ஃபஜ்ரு தொழுகை, அதற்குப் பின் ஒரு வகுப்பு, ஐவேளைத் தொழுகை, மாலையில் பெரிய வகுப்பு. அன்று ஒரு ஜனாஸாவும் இருந்தது. முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லை. மாலை வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு 'ஐன்' என்ற எழுத்து வரவே இல்லை. மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன். நான்காவது முறை, "வாய்க்குள்ள என்னடா, களிமண்ணா வச்சிருக்கே?" என்றேன். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

அவனை நான் அடிக்கவில்லை. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. வீட்டில் ஏதோ வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மறந்தே போனேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பாலசமுத்திரத்தில் ஒரு நிகாஹ்வுக்குப் போயிருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், பாலாறு–பொருந்தலாறு அணைக்கட்டின் பக்கம், தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஊர். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். தேங்காய் லோடு அடிக்கும் வண்டி ஓட்டுகிறாராம். அவருடைய அத்தா பெயரைச் சொன்ன பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. கையில் ஆறு வயதுப் பெண் குழந்தை.

"ஹஜரத், பிள்ளையை ஓத அனுப்பணும். நீங்க ஓதிக்கொடுக்குற ஹஜரத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். இதுக்கு என்னைய மாதிரியே நாக்கு சட்டுனு திருந்தாது. மத்த பிள்ளைங்க முன்னாடி வச்சு ஒண்ணும் சொல்லிப்புடாம பாத்துக்கச் சொல்லுங்க."

நான் தலையை ஆட்டினேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "இப்பவும் ஜமாஅத்துல நிக்கும்போது, ஓதிக்கிட்டே வந்து அந்த எழுத்து வந்தா, பக்கத்துல இருக்குறவருக்குக் கேட்காம இருக்கட்டும்னு சத்தத்தக் கொறைச்சுக்கிருவேன் ஹஜரத்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு மனிதர் தன் ரப்போடு பேசுகிற இடத்தில், என்னுடைய ஒரு நாள் களைப்பு இன்னும் நடுவில் நிற்கிறது.

காழிக்கு உள்ள சட்டம்

அபூபக்ரா (ரலி) அவர்களின் மகன் ஸிஜிஸ்தானில் காழியாக, அதாவது நீதிபதியாக இருந்தார். அவருக்குத் தந்தை ஒரு கடிதம் அனுப்பினார்கள். நீ கோபமாக இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்புச் சொல்லாதே என்பது அந்தக் கடிதத்தின் சாரம். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்ததைத் தாம் கேட்டதாகவும் அதில் எழுதினார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ள செய்தி.

ஃபிக்ஹு அறிஞர்கள் இந்தச் சட்டத்தைக் கோபத்தோடு நிறுத்திவிடவில்லை. ஏன் கோபத்தில் தீர்ப்புக் கூடாது? மனம் கலங்கிவிடுகிறது, எதிரில் நிற்பவர் சொல்வதை முழுமையாகக் கேட்க முடிவதில்லை. அப்படியென்றால் மனதைக் கலங்கவைக்கும் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான் என்றார்கள். கடும் பசி, தாகம், தூக்கம், நோய், துக்கம், சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பது, இவை அனைத்தையும் சேர்த்தார்கள். எவ்வளவு நுட்பமான பார்வை! காழியின் வயிறும் கண்ணும் அவருடைய சொந்த விஷயம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. எதிரில் நிற்கும் ஏழையின் உரிமை அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டார்கள்.

ஆசிரியப் பெருமக்களே! நீங்கள் ஒரு நாளில் எத்தனை தீர்ப்புகள் சொல்கிறீர்கள்? இவன் பொய் சொல்கிறான், இவள் சோம்பேறி, இவனுக்குப் படிப்பு ஏறாது, அந்த மூலையில் சத்தம் போட்டது இவன்தான். காழியாவது சாட்சி கேட்பார், மேல்முறையீடும் உண்டு. வகுப்பறையில் சாட்சி இல்லை, வாய்தா இல்லை, மேல்முறையீடும் இல்லை. தீர்ப்பைச் சுமப்பது எட்டு வயதுக் குழந்தை. அது சில வேளை முப்பது வருடம் சுமக்கிறது.

அப்படியென்றால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. களைப்பு ஒரு காரணம்தான். அது மன்னிப்பு ஆகிவிடாது. தூங்காத காழி தீர்ப்பை ஒத்திப்போட வேண்டியது அவருடைய பொறுப்பு. ஆசிரியரின் ஓய்வும் அவருடைய சொந்தச் சுகம் மட்டுமல்ல. அது பிள்ளைகள் அவரிடம் ஒப்படைத்த அமானிதத்தின் ஒரு பகுதி.

இமாம் கஸ்ஸாலியின் நாவு

"நிய்யத் சரியாக இருந்தால் களைப்பே வராது ஹஜரத்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காக ஒரு வரலாறு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 484ல், அதாவது 1091ல், பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவுக்குத் தலைமைப் பேராசிரியராக அனுப்பப்பட்டார்கள். அக்காலத்தில் அதைவிடப் பெரிய ஆசிரியர் பதவி அரிது. முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியதாக அவர்களே எழுதுகிறார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 488ல், ஒரு நாள் அவர்களின் நாவு கட்டிப்போனது. வந்திருக்கும் மாணவர்களுக்காக ஒரு நாளாவது பாடம் சொல்லிவிட வேண்டும் என்று முயன்றும் ஒரு சொல் வெளிவரவில்லை. உணவு இறங்கவில்லை. உடல் தளர்ந்தது. மருத்துவர்கள் வந்து பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் இறங்கிய நோய், கவலை நீங்காமல் மருந்து பலிக்காது என்று கைவிட்டார்கள். 'அல்முன்கித் மினள் ளலால்' என்ற நூலில் இமாம் அவர்களே இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவர்களுக்கு வயது நாற்பதைக்கூட எட்டவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் வேலைக் களைப்பை வரையறுத்தது. அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தின் ஓயாத அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வரும் நிலை என்றது. அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தி தீர்ந்து போவது, வேலையின் மேல் வெறுப்பும் விலகலும் உண்டாவது, நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. இந்த மூன்றையும் ஓர் ஆசிரியர் தன்னிடம் கண்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றுகிறவர்களின் நாவே நின்றிருக்கிறது.

இமாம் அவர்கள் செய்தது என்ன? முதலில் தம்மையே விசாரித்தார்கள். நான் யாருக்காகக் கற்பிக்கிறேன் என்று கேட்டார்கள். பதவியும் புகழும்தான் என்னை ஓட்டுகின்றன என்ற விடை கிடைத்தது. அவர்கள் களைப்பின் வேர் வேலையின் அளவில் மட்டும் இல்லை, நோக்கத்திலும் இருந்தது. பிறகு வகுப்பை அநாதையாக விட்டுவிடவில்லை. தம் சகோதரர் அஹ்மத் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிள்ளைகளின் செலவுக்கு ஒதுக்கிவிட்டு ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்டார்கள். ஹிஜ்ரி 499ல் நைஸாபூரில் மறுபடியும் பாடம் நடத்த வந்தார்கள்.

அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் உருவானதுதான் 'இஹ்யா உலூமித்தீன்'. அதன் முதல் பகுதியில் ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடும்போது, முதல் கடமையாக எதை வைத்தார்கள் தெரியுமா? பாடத் திறமையை அல்ல. மாணவனைத் தன் சொந்தப் பிள்ளையாகக் கருதும் இரக்கத்தை. அவன் தவறைத் திருத்தும்போது வெளிப்படையாகச் சாடாமல் சாடையாக, கருணையோடு திருத்த வேண்டும் என்றும் எழுதினார்கள். தாமே உடைந்து மீண்டவர்களின் எழுத்து அது.

உடலுக்கும் ஓர் உரிமை

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போனார்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை, வீட்டைக் கவனிப்பதே இல்லை என்ற நிலையைக் கண்டார்கள். உணவு உண்ணவைத்தார்கள். இரவில் எழும்போதெல்லாம் படுங்கள் என்று தடுத்து, கடைசிப் பகுதியில்தான் எழுப்பினார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமைகள் இருக்கின்றன, அவரவர் உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். இது நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள். வணக்கத்துக்கே இந்த எல்லை என்றால், விடைத்தாள் திருத்துவதற்கு எல்லை கிடையாதா?

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மக்களுக்கு உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யக் கூடாதா என்று ஒருவர் ஆசையாகக் கேட்டார். உங்களைச் சலிப்படையச் செய்ய நான் விரும்பவில்லை, நபி (ஸல்) அவர்களும் எங்களுக்கு இடைவெளி விட்டே உபதேசித்தார்கள் என்று மறுத்துவிட்டார்கள். இடைவெளி விடுவதே ஒரு கற்பிக்கும் முறை. பாடம் பிள்ளைக்குள் இறங்கவும் நேரம் வேண்டும், ஆசிரியருக்குள் ஊறவும் நேரம் வேண்டும்.

பொறுப்பு யாருக்கெல்லாம்?

இங்கே ஆசிரியர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். காழி வழக்கை ஒத்திவைக்கலாம். முப்பது பிள்ளைகளை நான் எங்கே ஒத்திவைப்பது? மணி அடித்தால் உள்ளே போகத்தானே வேண்டும்?

உண்மை. ஆகவே பொறுப்பின் மீதிப் பாதி நம்மிடம் வருகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அதே சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவை முன்வைக்கிறது. ஆசிரியரின் வாரம் 45 மணி நேரம் என்று சொல்லும்போது, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் அதற்குள் சேர்த்தே எண்ணுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பிள்ளையின் பாதுகாப்பும் ஆசிரியரின் ஓய்வும் ஒரே சட்டத்துக்குள் இருப்பது தற்செயல் அல்ல. முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாம் பாதியை மறப்பது நீதியாகாது. எமிஸ் பதிவுகளிலும் படிவங்களிலும் பாட நேரம் கரைகிறது என்று நம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் முறையிடும்போது, அது சோம்பேறிகளின் புலம்பல் என்று நினைக்காதீர்கள். கரைவது உங்கள் பிள்ளைக்குரிய நேரம்.

அரசாங்கத்தைப் பேசுவது எளிது. நம் பள்ளிவாசலுக்கு வருவோம். ஜமாஅத் நிர்வாகிகளே! ஃபஜ்ருக்கு எழுந்து இஷாவுக்குப் பின் படுக்கிற உஸ்தாதுக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு உண்டா? நாற்பது பிள்ளைகளுக்கு இன்னோர் உஸ்தாதை வைத்தால் என்ன செலவு ஆகும் என்று என்றைக்காவது கணக்குப் போட்டிருக்கிறோமா? மினாராவுக்கு வர்ணம் பூசும் வசூல் ஒரே வெள்ளிக்கிழமையில் நிறைகிறது. பிள்ளைகளின் நாவுக்கும் மனதுக்கும் வர்ணம் பூசுகிறவரின் சம்பளத்தைக் கூட்ட மூன்று கூட்டம் போடுகிறோம்.

பெற்றோர்களே! பள்ளிக்கூட வாசலில் நின்று, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மறு வாரமே மதிப்பெண் குறைந்தால் அதே ஆசிரியரிடம் சண்டைக்கும் போகிறோம். இரண்டுமே ஆசிரியருக்குச் செய்யும் அநீதி. கடுமை படிப்பைத் தராது. ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதைத் தனித் தலைப்பாகவே பேசியிருக்கிறார்கள். அடக்குமுறையில் வளரும் பிள்ளை, தண்டனைக்குப் பயந்து உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிக்கக் கற்றுக்கொள்கிறது. பொய்யும் சோம்பலும் அதற்குப் பழகிவிடுகின்றன என்கிறார்கள்.

நாளைக் காலை வகுப்புக்குப் போகுமுன்

ஆசிரியப் பெருமக்களே! நிலைமை மாறும் வரை காத்திருக்க முடியாது. உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

ஒன்று, கோபத்தில் தீர்ப்பு வேண்டாம். கோபம் வந்தால் மௌனமாகிவிடவும், நின்றிருந்தால் உட்காரவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்காருங்கள். "இதை நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லுங்கள். மறுநாள் பார்த்தால் பாதிக் குற்றங்கள் குற்றமாகவே தெரியாது.

இரண்டு, பலர் முன்னிலையில் திருத்த நேர்ந்தால் மானம் போகாமல் திருத்துங்கள். முஆவியா இப்னு ஹகம் (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்குப் புதியவர். தொழுகையில் ஒருவர் தும்மியதற்குச் சத்தமாகப் பதில் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள், தொடையில் தட்டினார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் கடுகடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகை என்பது மக்கள் பேச்சுக்குரிய இடமல்ல என்று விளக்கினார்கள், அவ்வளவுதான். அவர்களைப் போல் ஓர் ஆசிரியரை முன்னும் பின்னும் கண்டதில்லை என்று அந்த ஸஹாபி காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேர் சிரித்த அந்த மாலையில் நான் மறந்தது இந்தப் பாடத்தைத்தான்.

மூன்று, உதவி கேளுங்கள். ஃபிர்அவ்னிடம் போகச் சொல்லப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் நெஞ்சு விரிவடையவும் நாவின் முடிச்சு அவிழவும் துஆ கேட்டார்கள். அதோடு நிற்காமல், தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகவும் கேட்டார்கள். நபிமார் கேட்ட உதவியை நாம் கேட்பது பலவீனம் அல்ல. சக ஆசிரியரிடம், "இன்னைக்கு என்னால முடியல, இந்த ஒரு பீரியடைப் பாத்துக்குங்க" என்று சொல்லலாம். மனம் நாட்கணக்கில் இருண்டே கிடந்தால் மருத்துவரிடம் போகலாம். இமாம் கஸ்ஸாலி அவர்களையும் மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள்.

நான்கு, இரவில் படுக்குமுன் முஹாஸபா செய்யுங்கள். இன்று யாருடைய பெயரைத் திட்டுவதற்காக மட்டுமே அழைத்தேன்? அந்தப் பிள்ளையை நாளைக்கு ஒரு நல்ல காரியத்துக்காக முதலில் அழையுங்கள். தவறு செய்திருந்தால் அந்தக் குழந்தையிடமே மன்னிப்புக் கேளுங்கள். மரியாதை குறையாது. மனிதர்களுக்குச் செய்த அநீதியை அந்த மனிதர்களிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். தஹஜ்ஜுதில் அழுவது மட்டும் போதாது.

நான் அதைத் தாமதமாகத்தான் செய்தேன். பாலசமுத்திரத்தில் அன்று அந்தச் சகோதரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குப் பேசினது தப்பு, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவர் பதறிப்போய், "என்ன ஹஜரத் இது, நீங்க போய்..." என்று கையை இழுத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொன்னாரா, சங்கடத்தில் பேச்சை மாற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் செய்தேன். அந்தக் குழந்தைக்கு ஓதிக்கொடுக்கப் போகும் இளம் உஸ்தாதைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். பிறகு அவரிடம் கேட்டேன்: "நீங்க நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?"

அவர் சிரித்தார். நான் மறுபடியும் கேட்டேன்.

சகோதரர்களே! இந்த வாரம் நீங்கள் சந்திக்கும் ஏதாவது ஓர் ஆசிரியரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். பதிலைக் கேட்ட பிறகு உங்களால் என்ன இறக்கிவைக்க முடியுமோ அதை இறக்கிவையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருபவர்களின் உடலுக்கு ஆரோக்கியத்தையும், உள்ளத்துக்கு விரிவையும், நாவுக்கு மென்மையையும் தருவாயாக! எங்கள் களைப்பால் காயப்பட்ட பிள்ளைகளின் உள்ளங்களை நீயே ஆற்றுவாயாக! கற்றுத்தருபவர்களின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர்களாகவும் நிர்வாகிகளாகவும் எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.